மேயர் குடித்துக் காட்டிய தண்ணீர்: நெருக்கடிக்குப் பிந்தைய நகர நிர்வாகம் குறித்த கேள்வி பதில்

குடிநீர் மாசு, தீ விபத்து, கொள்ளை நோய், காவல்துறையின் அத்துமீறல் போன்ற பேரிடர்களுக்குப் பின் நகர நிர்வாகத்தின்மீது மக்கள் இழந்த நம்பிக்கையை எவ்வாறு மீட்பது என்பது குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, நகராட்சி நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, நெருக்கடி வந்தவுடன் "அச்சப்பட ஒன்றுமில்லை" என்று மேயர் சொன்னால்தானே மக்களின் பதற்றம் தணியும்?

அன்றைக்குத் தணியலாம், ஆனால் அதற்கான விலையைப் பிறகு கொடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளிண்ட் நகரம் 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட் வழியாகப் பெற்றுவந்த ஏரி நீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தை அந்நீரில் கலக்கவில்லை என்பதால் பழைய குழாய்களிலிருந்த காரீயம் என்ற நச்சு உலோகம் குடிநீரில் கரைந்தது. நிறமும் நாற்றமும் குறித்து மக்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் தொழிற்சாலையின் உலோகப் பாகங்கள் துருப்பிடிப்பதாகக் கூறி அந்த நீரைக் கைவிட்டது. இத்தனைக்கும் பிறகு, 2015 ஜூலையில் அப்போதைய மேயர் தொலைக்காட்சியில் குழாய் நீரைக் குடித்துக் காட்டினார். செப்டம்பரில் குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவு உயர்ந்திருப்பதை ஒரு குழந்தை நல மருத்துவர் வெளியிட்டபோது மாநில அதிகாரிகள் முதலில் அதை மறுத்தார்கள். அக்டோபரில் பழைய நீருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் தேர்தலில் மேயர் தோற்றார்.

நீர் மாற்றத்தின்போது அந்நகரத்தின் நிர்வாகம் மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளர் கையில் இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது அந்தக் குவளைதான். நமக்குத் தெரிந்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன, அடுத்த தகவல் எந்த நாளில் வரும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, சொன்ன நாளில் தகவலோடு வந்து நிற்பதே மேயரின் முதல் வேலை.

கேள்வி: மன்னிப்புக் கேட்டால் அதுவே வழக்கில் நமக்கு எதிரான சான்றாகிவிடும் என்று வழக்கறிஞர்கள் தடுக்கிறார்களே?

அவர்கள் தடுப்பது அவர்கள் தொழில். இந்த அச்சத்தைப் போக்கவே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006இலும், ஒன்டாரியோ மாகாணம் 2009இலும், மன்னிப்புக் கேட்பதைச் சட்டப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் இயற்றின. அத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் வழக்கறிஞரிடம் "மன்னிப்புக் கேட்கலாமா?" என்று கேட்காமல், "எந்தச் சொற்களில் கேட்கலாம்?" என்று கேட்கப் பழக வேண்டும்.

வெறும் மன்னிப்பு நெடுநாள் நிற்காது. காவலர்கள் பல ஆண்டுகளாக விசாரணைக் கைதிகளைச் சித்திரவதை செய்ததற்காக 2015 மே மாதம் சிகாகோ மாநகர மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில், முறையான மன்னிப்போடு 55 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதி, உளவியல் ஆலோசனை மையம், பள்ளிப் பாடத்தில் அந்த வரலாறு, பொது நினைவுச்சின்னம் ஆகியவையும் இடம்பெற்றன. அவற்றில் நினைவுச்சின்னம் மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நிறைவேறாமல் நிற்கும் அந்த ஒன்றைத்தான் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: கொந்தளிப்பான நேரத்தில் மன்றக் கூட்டத்தை மூடிய அறையில் நடத்துவது தவறா?

பெரும்பாலும் தவறு. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள்; தீப்பாதுகாப்பு குறித்துக் குடியிருப்பாளர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, அப்பகுதி மன்றம் செய்தியாளர்களை விலக்கிக் கூட்டம் நடத்த முயன்றது. நீதிமன்ற உத்தரவோடு அவர்கள் உள்ளே வந்ததும் மன்றத் தலைவர் கூட்டத்தையே முடித்துக்கொண்டார். மறுநாள் பதவி விலகினார். கூட்டத்தில் மக்கள் கத்துவார்கள், அவமதிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பதவியின் கடமைகளில் ஒன்றே. என் அனுபவத்தில், கத்துபவரைவிட, வருவதையே நிறுத்திவிட்டவர்தான் நிர்வாகத்தைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டும்.

கேள்வி: நிர்வாகத்தின் நற்பெயரை மீட்க விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்தலாமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் குறைதீர்ப்பு அலுவலர்கள் இருவரைக் கூடுதலாக நியமியுங்கள்.

கேள்வி: விசாரணையை யாரிடம் ஒப்படைப்பது?

தன்னை நியமித்தவர் மீதே குறை காணும் துணிவும் அதிகாரமும் உள்ளவரிடம். ஒன்டாரியோவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் ஈ.கோலை கிருமி குடிநீரில் கலந்து 7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். ஆய்வக முடிவு மோசமாக இருப்பது தெரிந்தும், நீர் நன்றாகவே இருப்பதாகக் குடிநீர் வாரிய மேலாளர் சுகாதாரத் துறையிடம் சொல்லிவந்தார். நீதிபதி டெனிஸ் ஓகானர் அந்த ஊரிலேயே விசாரணை நடத்தினார். அந்த மேலாளரோடு நிறுத்திக்கொள்ளாமல், தன்னை நியமித்த மாகாண அரசின் செலவுக் குறைப்பு கண்காணிப்பைப் பலவீனமாக்கியதையும் அறிக்கையில் எழுதினார். 2002இல் குடிநீர்ப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. கீழ்நிலை ஊழியர் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்து கோப்பை மூடியிருந்தால் இவற்றில் எதுவும் வெளிவந்திருக்காது.

கேள்வி: பழைய அதிகாரிகளே தொடர்ந்தால் மக்கள் எப்படி நம்புவார்கள்? அனைவரையும் மாற்றிவிட வேண்டாமா?

தவறு செய்தவர் தண்டனை பெற வேண்டும். அதற்காக எல்லோரையும் மாற்றத் தேவையில்லை. சூரத் நகரில் 1994 செப்டம்பரில் பிளேக் பரவியபோது லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1995இல் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர்.ராவ் பெரும்பாலும் இருந்த பணியாளர்களைக் கொண்டே நகரத்தைத் தூய்மைக்குப் பெயர்பெற்றதாக மாற்றினார். காலையில் அதிகாரிகள் அலுவலகத்தில் இராமல் தெருவில் இருக்க வேண்டும் என்றார். மண்டல அதிகாரிகளுக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஆக்கிரமிப்புகளை அகற்றும்போது செல்வாக்கு உள்ளவர்களையும் விடவில்லை. சட்டம் எளியவன் வீட்டு வாசலில் மட்டும் நிற்பதில்லை என்று மக்கள் கண்ணால் கண்ட பிறகே அவர்களுடைய ஒத்துழைப்பு கிடைத்தது.

கேள்வி: எல்லாவற்றையும் சரிசெய்து, ஆய்வு முடிவுகளும் நன்றாக வந்த பின்னும் மக்கள் நம்ப மறுத்தால் என்ன செய்வது?

அவர்களுக்குப் புரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஃபிளிண்டில் காரீய அளவு வரம்புக்குக் கீழே வந்துவிட்டது என்று கூறி 2018 ஏப்ரலில் மாநில அரசு இலவசக் குடிநீர்ப் புட்டிகளை நிறுத்தியபோது மக்கள் எதிர்த்தார்கள். முன்பு "பாதுகாப்பானது" என்று சொன்ன அதே அரசுதான் இப்போதும் சொல்கிறது என்றால் அவர்கள் எதைக் கொண்டு வேறுபாடு காண்பார்கள்?

ஆகவே, நம்பும்படி கேட்பதைவிட, சரிபார்க்கும் வழியை அவர்கள் கையில் கொடுப்பது மேல். அதே ஊரில் 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீர் மாதிரி எடுப்பதற்கான 300 பெட்டிகளை அனுப்பினார்கள். குடியிருப்பாளர்கள் தம் வீட்டுக் குழாயில் தாமே நீர் பிடித்துக் கொடுத்த அந்த மாதிரிகள்தாம் அரசின் கணக்கைப் பொய்யாக்கின. அந்த ஏற்பாட்டை நிர்வாகமே முன்வந்து செய்யலாம். மாதிரி எடுப்பவர் குடியிருப்பாளராகவும், ஆய்வகம் அவர்கள் தேர்ந்தெடுத்ததாகவும், செலவு மட்டும் நகராட்சியுடையதாகவும் இருக்கட்டும். முடிவு மேயருக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரட்டும்.