ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலியில்), நாலு 811ஏ வால்வு உள்ள லீனியரில், அதாவது சிக்னலின் சக்தியைப் பெருக்கும் பெட்டியில், 500 வாட்டுக்குப் பதில் 700 எடுத்தால் வால்வு தாங்குமா?

பேச்சு என்றால் கொஞ்ச நாள் தாங்கும். ஆர்டிடிஒய் (எழுத்துகளை ரேடியோவில் அனுப்பும் முறை) மாதிரி கேரியர் அலை விடாமல் முழு சக்தியில் போகும் மோட் என்றால் தாங்காது. எனக்குத் தாங்கவில்லை.

பழைய லீனியர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, டிரைவை (லீனியருக்குள் கொடுக்கும் சக்தியை) ஏற்ற ஏற்ற வாட் மீட்டர் முள்ளும் மேலே போகிறது, 'எல்லாரும் செய்கிறார்களே' என்று ஆசை வந்திருக்கிறது. உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கு. 811ஏ-யின் டேட்டா ஷீட்டில் பிளேட் (வால்வுக்குள் எலக்ட்ரான்கள் வந்து மோதும் தகடு) தாங்கும் வெப்பத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. தொடர்ந்து ஓட்டினால் 45 வாட், நம்மைப் போல விட்டு விட்டு ஓட்டினால் 65 வாட். 'கம்பெனிக்காரன் எப்போதும் குறைத்துத்தான் போடுவான், கொஞ்சம் இடம் இருக்கும்' என்பார்கள். அந்த இடத்தைத்தான் 65 என்று ஏற்கெனவே நமக்குக் கொடுத்துவிட்டார்கள். செயல்திறன் 60 சதவீதம் என்று வைத்தால் 700 வாட் வெளியே போக உள்ளே கிட்டத்தட்ட 1170 வாட் போக வேண்டும். மீதி 470 வாட் வெப்பம், நாலு வால்வுக்குப் பிரித்தால் ஆளுக்கு 117. பேசும்போது குரல் ஏறி இறங்குவதால் சராசரி இதில் பாதி கூட வராது, அதனால்தான் பலருக்கு வருஷக்கணக்கில் ஓடுகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சண்டைக்கு வராதீர்கள்.

நான் செய்தது இது. 20 மீட்டர் அலைவரிசையில் ஒரு அரிய தீவு நிலையம் ஆர்டிடிஒய்யில் வந்திருந்தது. பெரிய கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். நான் 700-இல் வைத்துவிட்டு மறுபடி மறுபடி கூப்பிட்டேன். மூடித் துளைகள் வழியாகப் பிளேட்கள் சிவப்பது தெரிந்தது. பயப்படவில்லை. ஏனென்றால் நண்பர் ஒருவர் 'பிளேட் சிவந்தால்தான் வால்வு உழைக்கிறது என்று அர்த்தம்' என்று சொல்லியிருந்தார். அவர் வைத்திருந்தது 3-500இசட், பிளேட்டுக்கே 500 வாட் தாங்கும் வால்வு. அதில் சிவப்பு சாதாரணம், உள்ளே வெற்றிடம் சுத்தமாக இருக்கவும் அந்தச் சூடு உதவும். அவர் தன் வால்வைப் பற்றிச் சொன்னதை நான் என் வால்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வால்வு மட்டும் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது. கட்டிலை நாலு பேர் தூக்கும்போது ஒருத்தன் மட்டும் நெட்டையாக இருந்தால் பாரம் அவன் தோளில்தானே இறங்கும், அதே கதைதான். ஒன்றாகச் சேர்த்த வால்வுகள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை, ஆளுக்கு 117 என்று நான் மேலே போட்டதே காகிதக் கணக்கு. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கூப்பிட்டேன். டிரைவைத் தொடவே இல்லை, பிளேட் கரண்ட் தானாக ஏற ஆரம்பித்தது, சூட்டில் உள்ளே வாயு கசிந்திருக்க வேண்டும். வால்வுக்குள் ஊதா நிறத்தில் ஒரு ஒளி, டமார் என்று சத்தம், ஃபியூஸ் போய்விட்டது. அந்த வால்வு, ரெக்டிஃபையர் டயோடுகள் ஒரு வரிசை, பிளேட் கரண்ட் மீட்டர், எல்லாம் ஒரே நொடியில். ஹை வோல்டேஜ் கம்பியில், கரண்டைக் கட்டுப்படுத்த, ஒரு வயர்வுண்ட் ரெசிஸ்டர் போட்டிருந்தால் டயோடும் மீட்டரும் தப்பித்திருக்கலாம். போடவில்லை. ஸ்பீக்கரில் அந்தத் தீவுக்காரர் அடுத்தவருக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உடனே மூடியைத் திறக்கக் கை பரபரத்தது. ஃபியூஸ் போனாலும் கெப்பாசிட்டரில் 1500 வோல்ட் நிற்கலாம், அதை வடிக்கும் ரெசிஸ்டரே எரிந்துபோயிருக்கலாம். நல்லவேளை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள்தான் எர்த் குச்சி வைத்துத் தொட்டுவிட்டுத் திறந்தேன். நண்பர்களிடம் 'வால்வு பழசு, அதான்' என்று சொல்லிவிட்டேன். இன்றுதான் உண்மையை எழுதுகிறேன்.

இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? 500-லிருந்து 700 என்பது ஒன்றரை டெசிபெல். சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பதே 6 டெசிபெல், அதில் கால் பங்கு. எதிரே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அளவுக்கு மீறி டிரைவ் கொடுத்து நசுங்கிய சிக்னல் பக்கத்து அலைவரிசைக்காரருக்கு மட்டும் நன்றாகத் தெரியும், திட்டுவார்.

அப்படியே தெரிந்தாலும் இந்தக் காலத்தில் யார் உண்மையான ரிப்போர்ட் கொடுக்கிறார்கள்? 'நீங்கள் ஃபைவ் நைன், கால்சைனை மறுபடி சொல்லுங்கள்' என்கிறார்கள்! கால்சைன் என்ற நிலையத்தின் அடையாளமே கேட்கவில்லை என்றால், 'தெளிவாக, பலமாகக் கேட்கிறது' என்று அர்த்தம் தரும் ஃபைவ் நைன் எதற்கு? போட்டி நடக்கும் வார இறுதியில் ஒரு வாட்டில் கூப்பிட்டாலும் அதே ஃபைவ் நைன்தான். கேட்டால் 'சாஃப்ட்வேர் தானாகப் போடுகிறது' என்று பதில். சரி, அது வேறு கதை.

'ஹாம் என்றாலே சோதனைதான், இவர் பயந்தாங்கொள்ளி' என்று கீழே யாராவது எழுதுவார்கள். சோதனை செய்யுங்கள், ஆனால் கூடுதல் வால்வு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் இப்போது ஆர்டிடிஒய்யில் 300 வாட்டுக்கு மேல் போவதில்லை. அதே கணக்கில் ஆளுக்கு 50 வாட் வருகிறது. லோடில் உங்கள் பிளேட் வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது, எந்த மோட் என்று சொன்னால் உங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்.