இரண்டேகால் வயதில் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை: தள்ளிப்போடலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டேகால் வயது. நடக்கத் தொடங்கியது முதலே இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறாள். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பிறவியிலேயே இடது இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது, மூட்டைத் திறந்து எலும்பையும் வெட்டிச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். ஐந்து வயதுவரை பொறுக்கலாம், கட்டு வைத்தியர் வெட்டாமலே சப்பையை ஏற்றிவிடுவார் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவமனை வாசலில் அறிமுகமான ஒருவர், பெல்ட் போட்டே குணப்படுத்தும் மருத்துவரிடம் அழைத்துப்போவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐந்து வயதுவரை காத்திருக்க வேண்டாம். கட்டு வைத்தியரிடமும் போக வேண்டாம். வாசலில் நிற்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மருத்துவமனையில் உங்களுக்குச் சொன்னது இந்த வயதுக்குரிய சரியான சிகிச்சைதான்.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தலை உள்ளே இருந்து அழுத்தினால்தான் வளரும் குழந்தைக்குக் கிண்ணம் ஆழமாகும். வெளியே இருந்தால் கிண்ணம் ஆழமில்லாமல் சரிவாகவே நின்றுவிடும். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வோர் அடியிலும் தலை இன்னும் மேலே ஏறுகிறது, தசைகள் குறுகுகின்றன, மூட்டைச் சுற்றியுள்ள உறை நடுவில் இறுகுகிறது, காலியான கிண்ணத்தைக் கொழுப்பும் நீண்டுபோன தசைநாரும் அடைத்துக்கொள்கின்றன. இத்தனை தடைகளையும் வெளியிலிருந்து கையால் அகற்ற யாராலும் முடியாது என்பதால்தான் மூட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.

பெல்ட் என்று அந்த நபர் சொல்வது, குழந்தையின் தொடைகளை மடக்கி அகட்டிப் பிடிக்கும் பாவ்லிக் பட்டையாக இருக்கலாம். செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் வடிவமைத்த அந்தப் பட்டை மிக நல்ல சிகிச்சை; ஆனால் பிறந்ததிலிருந்து சுமார் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குத்தான் அது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, மயக்க மருந்து கொடுத்து, திறக்காமலே மூட்டைச் சேர்த்து மாவுக்கட்டுப் போடும் வாய்ப்பு பெரும்பாலும் உண்டு. உங்கள் மகள் இந்த இரண்டு கட்டங்களையும் தாண்டிவிட்டாள். இரண்டேகால் வயதுக் குழந்தைக்குப் பட்டையை விற்பவர் உங்கள் பணத்தை மட்டுமல்ல, அவளுக்கு மிச்சமிருக்கும் காலத்தையும் எடுத்துக்கொள்கிறார்.

கட்டு வைத்தியத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் கொண்டுபோவது மெல்லிய சில நாளங்கள் மட்டுமே. எண்ணெய் போட்டு உருவி, காலைப் பிடித்து இழுத்து, மூங்கில் பட்டை வைத்து அகட்டிக் கட்டும்போது அந்த நாளங்கள் நசுங்கினால், தலை உயிரிழந்து தட்டையாகிவிடும். அதன் பிறகு எந்த அறுவை சிகிச்சையும் அதைப் பழைய உருண்டை வடிவுக்குக் கொண்டுவராது. அறுவை சிகிச்சையிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே இறுகியவற்றை முதலில் தளர்த்திவிட்டுத்தான் தலையை உள்ளே வைக்கிறார்கள்.

தொடை மடிப்பின் முன்புறம், உள்ளாடை மறைக்கும் இடத்தில் கீறி, அடைப்புகளை நீக்கி, தலையைக் கிண்ணத்தில் அமர்த்தி, தளர்ந்த உறையை இழுத்துத் தைப்பது முதல் வேலை. கிண்ணம் சரிவாக இருந்தால் அதற்கு மேலே இடுப்பெலும்பை வெட்டிச் சாய்த்து, அந்த இடைவெளியில் குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த முக்கோணத் துண்டை வைத்துக் கம்பியால் நிறுத்துவார்கள். கனடாவின் டொராண்டோ நகர எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்டர் 1961இல் விவரித்த இந்த முறை இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது. தலை மிக மேலே ஏறியிருந்தால் தொடை எலும்பையும் சற்றுக் குறுக்க வேண்டிவரும். கால் குட்டையாகிவிடுமே என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆனால் குறுக்கிய எலும்பு அடுத்த சில ஆண்டுகளில் சற்று வேகமாகவே வளர்ந்து பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். குறுக்காமல் வலிந்து உள்ளே திணித்தால் தலைமேல் விழும் அழுத்தமே பெரிய கேடு.

எக்ஸ்ரே படத்தை எடுத்து வலது மூட்டும் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னாரா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அதிகம் ஏமாற்றுவது இரு பக்கமும் விலகிய மூட்டுதான். ஒரு பக்கம் மட்டும் விலகினால் ஒரு கால் குட்டையாகத் தெரியும், தொடை மடிப்புகள் ஒத்துப்போகாது, நடை ஒரு பக்கம் சாயும். இரண்டும் விலகியிருந்தால் கால்கள் ஒரே நீளம், மடிப்புகள் ஒரே மாதிரி. வாத்து நடையும், இடுப்பு பின்னால் தள்ளி வயிறு முன்னால் வந்த நிற்பும் மட்டுமே அடையாளம். குழந்தை அழகாக நடக்கிறாள் என்றே வீட்டில் நினைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடைவெளி விட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முறை அறுவை சிகிச்சை தேவைப்படும். காலம் கடந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் சரிசெய்தால் நடை முன்பைவிடக் கோணலாகும் என்பதால், ஒற்றைப் பக்க விலகலுக்கு ஏறத்தாழ எட்டு வயது வரை முயலும் மருத்துவர்கள், இரட்டை விலகலில் ஆறு வயதைத் தாண்டினாலே பெரும்பாலும் தயங்குவார்கள். எட்டு வரை முயலலாம் என்பதைக் காத்திருப்பதற்கான அனுமதியாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பலன் குறைந்துகொண்டே வருகிறது.

இந்தக் குழந்தையை இரண்டேகால் வயது வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்த குழந்தையின் முழங்கால்களை மடக்கித் தொடைகளை அகட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இத்தாலிய மருத்துவர் ஓர்டோலானி 1937இலேயே இதை எழுதிவைத்தார். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலிலும் இந்தக் குறைபாடு இருக்கிறது. ஆனாலும் படிவத்தில் ‘இயல்பு’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சாய்ந்து நடக்கும் குழந்தைக்குக் கால்சியம் டானிக் எழுதித்தருகிறார்கள். இடுப்பை விட்டுவிட்டு முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். தரகர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களும் அந்தக் கூட்டம்தான். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் நேரடியாகக் கேளுங்கள். குடும்ப அட்டையில் மகளின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அறுவை சிகிச்சைத் தேதி கிடைத்த பிறகு அதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைவது கொடுமை. அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரா, இதே சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவருபவரா என்று கேட்பதில் தவறே இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் மார்புக்குக் கீழிருந்து கால்வரை போடும் மாவுக்கட்டு, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இருக்கும். சிறிய டயப்பரைக் கட்டின் ஓரத்துக்கு உள்ளே செருகி, பெரியதை அதன் மேலே கட்டுங்கள். இரு கால்களுக்கும் இடையே உள்ள குச்சியைப் பிடித்துக் குழந்தையைத் தூக்காதீர்கள். விரல்கள் நீலமானாலோ வீங்கினாலோ குழந்தை விடாமல் அழுதாலோ காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டைப் பிரித்ததும் மூட்டு விறைத்திருக்கும், கால் மெலிந்திருக்கும். அப்போதுதான் மறுபடியும் யாராவது வந்து, எண்ணெய் போட்டு நீவி மடக்கிவிடலாம் என்பார்கள். வாரக்கணக்கில் அசையாமல் இருந்த எலும்பு பலவீனமாக இருக்கும். வலிந்து மடக்கினால் தொடை எலும்பே முறியக்கூடும். குழந்தை தானாகப் புரண்டு, தவழ்ந்து, பிடித்து நடப்பதே போதுமான பயிற்சி. வேறு தேவையென்றால் மருத்துவர் சொல்வார்.

எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது பதினான்கு பதினைந்து வயதுவரை, குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு இடையில் இன்னொரு சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஒவ்வொரு படத்தையும் தேதி எழுதி உங்கள் கையிலேயே வைத்திருங்கள். மருத்துவர்கள் இடம் மாறுவார்கள், மருத்துவமனையில் பழைய படத்தைத் தேடித்தர ஆள் இருக்காது. முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் கிண்ணம் ஆழமாகிறதா என்று சொல்ல முடியாது.