சப்பிரைம் கிரெடிட் கார்டு வாங்கினால் அமெரிக்காவில் கெட்டுப்போன ஸ்கோர் ஏறுமா?

கேள்வி சுருக்கமாக: கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) 540. பழைய கார்டுகள் இரண்டு சார்ஜ்-ஆஃப் (வராத கடன் என்று வங்கி நட்டத்தில் எழுதுவது) ஆகிவிட்டன. "300 டாலர் லிமிட், டெபாசிட் வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே ஒப்புதல்" என்று சப்பிரைம் கார்டுக்கான (ஸ்கோர் குறைந்தவர்களுக்கென்று கூடுதல் கட்டணத்தோடு தருவது) கவர் ஒன்று தபாலில் வந்திருக்கிறது. வாங்கலாமா?

ஸ்கோர் ஏறும். ஆனாலும் அந்தக் கவரைத் தள்ளி வையுங்கள்.

'கெடுவுக்குள் கட்டினார்' என்று மாதாமாதம் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பீரோவுக்கும் (கடன் வரலாற்றைப் பதிந்து ரிப்போர்ட் தரும் நிறுவனங்கள்) ஒரு வரித் தகவல் போகிறது. ஸ்கோரை ஏற்றுவது அந்த வரிதான். ஆண்டுக் கட்டணமே இல்லாத செக்யூர்டு கார்டிலிருந்து (டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்குவது) போனாலும் அது அதே வரி. முதல் வருடமே 170 டாலர் பிடுங்கும் கார்டிலிருந்து போனாலும் அதே வரி. நீங்கள் அழுத கட்டணம் ரிப்போர்ட்டில் எங்கும் ஏறாது. டெபாசிட்டுக்கு 200 டாலர் புரட்ட முடிகிறவருக்கு அந்தக் கார்டால் கூடுதலாக ஒரு பயனும் இல்லை.

இந்த வகைக் கார்டுகளில் வழக்கமாகக் காணும் தொகைகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கணக்கு திறக்கும் முன்பே 'ப்ரோகிராம் ஃபீ' 95 டாலர். முதல் ஆண்டுக் கட்டணம் 75. இதைத் தனியாகக் கேட்க மாட்டார்கள், முதல் ஸ்டேட்மென்ட்டிலேயே கார்டில் ஏற்றிவிடுவார்கள். நீங்கள் ஒரு காபிகூட வாங்கியிருக்க மாட்டீர்கள், அதற்குள் 75 டாலர் பாக்கி. செலவுக்கு மிஞ்சுவது 225. பீரோவுக்குப் போகும் முதல் தகவலே 'லிமிட்டில் 25 சதவீதம் கடன்' என்பதாக இருக்கும். இரண்டாம் ஆண்டு கட்டணம் 45 என்று குறையும். ஆனால் மாதப் பராமரிப்பு என்று 6.25 டாலர் புதிதாக முளைக்கும்; அது வருடத்துக்கு 75. ஆக இரண்டு ஆண்டில் 290 டாலர், வெறும் 300 டாலர் லிமிட்டுக்காக. வட்டி இதில் சேரவில்லை. 36 சதவீத வட்டியில் 225 டாலர் பாக்கி வைத்தால் மாதம் சுமார் 6.75 டாலர் அதன் மேல்.

முதல் ஆண்டுக் கட்டணம் ஏன் சரியாக 75? 2009-ல் வந்த கார்டு சட்டம், முதல் ஆண்டில் வாங்கும் கட்டணங்கள் ஆரம்ப லிமிட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. 300-ல் கால் பங்கு 75. தாமதக் கட்டணம் போன்றவை இந்தக் கணக்கில் வராது. கணக்கு திறக்கும் முன் வாங்கும் கட்டணத்தையும் இந்த வரம்புக்குள் கொண்டுவர 2011-ல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் முயன்றது. சவுத் டகோட்டாவின் ஃபர்ஸ்ட் பிரீமியர் வங்கி வழக்குப் போட்டது, நீதிமன்றம் விதியை நிறுத்தி வைத்தது. 2013-ல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 'கணக்கு திறந்த பிறகு' வரும் கட்டணம் மட்டும் என்று விதியைத் திருத்திவிட்டது. 95 டாலர் ப்ரோகிராம் ஃபீ நுழைவது அந்த இடைவெளி வழியாகத்தான். இரண்டாம் ஆண்டில் மாதக் கட்டணம் முளைப்பது இன்னொரு இடைவெளியால்: 25 சதவீத வரம்பு முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. லிமிட்டை உயர்த்தித் தருகிறோம் என்று சொல்லி, உயர்த்திய தொகையில் கால் பங்கைக் கட்டணமாக எடுக்கும் கார்டுகளும் உண்டு. பாராட்டுக் கடிதம் மாதிரி வரும், மறுத்துவிடுங்கள்.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லாததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுவதும் வாங்கலாம் என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980-ல் சவுத் டகோட்டா தன் வட்டி வரம்பையே எடுத்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு நிதி நிறுவனங்கள்) கார்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. அதனால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் உங்கள் ஊர் கிரெடிட் யூனியன். சிறு தொகை போட்டு உறுப்பினர் ஆனால் போதும். பெரும்பாலானவற்றில் செக்யூர்டு கார்டு இருக்கும்.

செக்யூர்டு கார்டு என்பது இதுதான்: 200 அல்லது 300 டாலர் டெபாசிட் கொடுக்கிறீர்கள், பெரும்பாலும் அதே தொகை லிமிட்டாக வருகிறது. கணக்கை ஒழுங்காக மூடும்போதோ, சாதாரணக் கார்டாக மாற்றித் தரும்போதோ டெபாசிட் முழுதாகத் திரும்பும். கேப்பிட்டல் ஒன்னின் பிளாட்டினம் செக்யூர்டு கார்டில் சிலருக்கு 49 அல்லது 99 டாலர் டெபாசிட்டிலேயே 200 டாலர் லிமிட் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் இல்லை. எந்தக் கார்டானாலும் விண்ணப்பிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்று பீரோவுக்கும் ரிப்போர்ட் செய்வீர்களா? எத்தனை மாதத்தில் டெபாசிட்டைத் திருப்பித் தருவது பற்றிப் பரிசீலிப்பீர்கள்? 'ப்ரீ-குவாலிஃபை' (விண்ணப்பிக்கும் முன்பே கார்டு கிடைக்குமா என்று பார்ப்பது) வசதி இருந்தால் அதில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். அந்தச் சோதனை ஸ்கோரைத் தொடாது. நேரடி விண்ணப்பம் ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் இரண்டு ஆண்டு நிற்கும். சார்ஜ்-ஆஃப் செய்த அதே வங்கியிடம் போகாதீர்கள். அவர்கள் உள்பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில். டெபாசிட் கொடுத்திருக்கிறோமே, பில்லை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். எடுக்க மாட்டார்கள். அது ஈடு மட்டுமே. பில்லைத் தனியாகக் கட்டவேண்டும். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் வரும், 30 நாள் தாண்டினால் பீரோவுக்கும் போகும், கடைசியில் டெபாசிட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது சார்ஜ்-ஆஃபையும் எழுதிவிடுவார்கள்.

கார்டு வந்த பிறகு செய்ய வேண்டியது குறைவு. அதைப் பிசகாமல் செய்ய வேண்டும். மாதம் 10, 15 டாலர் வரும் சந்தா ஒன்றை, அல்லது ஒரு தடவை பெட்ரோலை, அதில் போடுங்கள். கார்டைப் பர்ஸில் வைக்காமல் வீட்டில் வைத்துவிடுங்கள். ஆட்டோபேயை (பில் தானாகக் கட்டப்படும் ஏற்பாடு) 'மினிமம்' என்று வைக்காமல் 'ஸ்டேட்மென்ட் பாக்கி முழுவதும்' என்று வையுங்கள். முதல் மாதம் மட்டும் ஆட்டோபேயை நம்பாமல் கையாலேயே கட்டுங்கள். அமைத்த தேதியைப் பொறுத்து முதல் பில் அதில் சிக்காமல் போவது நடக்கும். பணம் எடுக்கும் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் கார்டும் கட்டணம் போடும், வங்கியும் போடக்கூடும். சம்பளம் விழும் நாளுக்கு இரண்டு நாள் கழித்துக் கெடு வருமாறு மாற்றிக் கேளுங்கள். அநேகமாக மாற்றித் தருவார்கள்.

சின்ன லிமிட்டில் தேதிகளைப் புரிந்துகொள்வது முக்கியம். கெடு தேதி வேறு, ஸ்டேட்மென்ட் முடியும் தேதி வேறு. பெரும்பாலான வங்கிகள் பீரோவுக்கு அனுப்புவது ஸ்டேட்மென்ட் முடியும் நாளில் இருக்கும் பாக்கியை. 200 டாலர் லிமிட்டில் 140 டாலருக்கு மளிகை வாங்கி, பில் வந்ததும் முழுதாகக் கட்டினாலும், ரிப்போர்ட்டில் '70 சதவீதம்' என்றுதான் தெரியும். பரவலாகப் பயன்படும் ஃபைக்கோ என்ற ஸ்கோரில் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், கடன் அளவுக்கு 30 சதவீதம் எடை. அந்த 30-ல் இது இடிக்கும். ஸ்டேட்மென்ட் முடிய மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டி, 200 லிமிட்டில் 5 முதல் 18 டாலர் வரை மட்டும் பாக்கி தெரியவிடுங்கள். அதை வட்டியில்லாமல் கெடுவுக்குள் கட்டிவிடலாம். ஸ்டேட்மென்ட்டுக்கும் கெடுவுக்கும் குறைந்தது 21 நாள் இருக்கும். 'கொஞ்சம் வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வட்டி கட்டியதற்கு மார்க் கிடையாது. ஒரு மாதம் சதவீதம் எகிறிவிட்டதா, பதற வேண்டாம்: அதில் இன்றும் பரவலாக உள்ள பதிப்பான ஃபைக்கோ 8 போன மாதச் சதவீதத்தை நினைவில் வைப்பதில்லை. 30 நாள் தாமதம் அப்படியல்ல, ஏழு ஆண்டு நிற்கும்.

முதல் ஒன்றிரண்டு மாதம் ஸ்கோர் சற்று இறங்கலாம். புதுக் கணக்கு, புது விண்ணப்பம். ஆறு மாதத்துக்கு முன் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

கார்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று பீரோ ரிப்போர்ட்டும் வாரம் ஒருமுறை இலவசம். எடுத்து, இரண்டு சார்ஜ்-ஆஃபிலும் 'முதல் தவறிய தேதி' என்ன என்று பாருங்கள். சார்ஜ்-ஆஃப் ரிப்போர்ட்டில் நிற்கும் ஏழு ஆண்டு எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்து. வசூல் நிறுவனத்துக்குக் கடன் கைமாறினாலும் அந்தத் தேதி மாறக்கூடாது. மாற்றிப் போட்டிருந்தால் பீரோவிடம் டிஸ்ப்யூட் (தகவல் தவறு என்ற ஆட்சேபம்) போடுங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்துப் பதில் தரவேண்டும். பழைய கடனில் 20 டாலர் கட்டச் சொல்லி வசூல்காரர் போனில் கெஞ்சினால் உடனே கட்டாதீர்கள். சின்னத் தொகை கட்டினாலும் பல மாநிலங்களில் வழக்குப் போடும் காலவரம்பு புதிதாகத் தொடங்கிவிடும். உங்கள் மாநில விதியைப் பார்த்து, மொத்தமாக முடிக்கும் உடன்பாட்டை எழுத்தில் வாங்கிய பிறகு கட்டுங்கள். தவிர, இப்போது ஏதாவது ஒரு கணக்கு தவணை தவறி ஓடிக்கொண்டிருந்தால், டெபாசிட்டுக்கு வைத்த 200 டாலரை முதலில் அதற்குக் கட்டுங்கள். ஒரு பக்கம் 60 நாள் தாமதம் ஓடும்போது மறுபக்கம் புதுக் கார்டு பெரிதாக எதையும் தூக்கி நிறுத்தாது.

சப்பிரைம் கார்டு யாருக்குமே கூடாது என்று சொல்லவில்லை. 200 டாலரை ஒரு வருடம் முடக்கவே முடியாத வீடு இருக்கிறது. அந்த வலி எனக்குப் புரிகிறது. அப்படியானால் விண்ணப்பத்தோடு வரும் கட்டங்கள் போட்ட அட்டவணையைப் படியுங்கள், 'ஷூமர் பாக்ஸ்' என்பார்கள். கட்டாயக் கட்டணங்கள் குறைந்தபட்ச லிமிட்டில் 15 சதவீதத்தைத் தொட்டால், கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும் என்று அதில் எழுதியே ஆகவேண்டும். ப்ரோகிராம் ஃபீ கேட்பதை விட்டுவிட்டு, ஆண்டுக் கட்டணம் மட்டும் உள்ளதைத் தேடுங்கள். கார்டு வந்த பிறகு மனம் மாறினால், அதைப் பயன்படுத்தாமலும் பில்லுக்குப் பணம் கட்டாமலும் இருக்கும்வரை வேண்டாம் என்று மறுக்கலாம். ஆண்டுக் கட்டணம் தரவேண்டியதில்லை. மறுப்பை எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். '1,000 டாலர் லிமிட், யாருக்கும் உண்டு' என்று வருவதில் இன்னும் கவனம் வேண்டும்: அவற்றில் பல, அந்த நிறுவனத்தின் சொந்த ஆன்லைன் கடையில் மட்டுமே செல்லும்.

வாங்கினால், எப்போது வெளியேறுவது என்பதையும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் ப்ரீ-குவாலிஃபை மூலம் கட்டணமில்லாத கார்டு ஒன்று கிடைக்கிறதா பாருங்கள். அது கைக்கு வந்ததும், சப்பிரைம் கார்டில் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு பாக்கியைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட் வரை காத்திருங்கள், ஏனென்றால் கட்டிய பிறகும் மிச்ச வட்டி இரண்டு, மூன்று டாலர் வரக்கூடும். அதையும் கட்டிவிட்டு மூடச் சொல்லுங்கள். மூடிவிட்டோம் என்று கடிதம் கேளுங்கள். நல்லபடியாக மூடிய கணக்கு ரிப்போர்ட்டில் பத்து ஆண்டு வரை இருக்கும், அதனால் ஒழுங்காகக் கட்டிய அந்த மாதங்கள் வீணாகாது.