கலிஃபோர்னியாவில் எதிர்த்து நிற்க ஆளில்லாத நீதிபதியின் பெயர் ஓட்டுச்சீட்டில் ஏன் வருவதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நீதிபதிகளையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார்கள், ஆனால் தபாலில் வந்த சீட்டில் எங்கள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நீதிபதிகள் பலரைக் காணவே இல்லையே, போட்டி இல்லாவிட்டால் தேர்தல் விதியும் கிடையாதா?

விதி உண்டு. பெயரை அச்சடிக்க வேண்டாம் என்று சொல்வதே அந்த விதிதான்.

எனக்கும் இது 2022 நவம்பரில்தான் உறைத்தது. சாப்பாட்டு மேசையில் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், என் மனைவி தலைமை நீதிபதி பதவிக்கான பட்ரீஷியா குவெரேரோ பெயரில் பேனாவை வைத்துவிட்டு, "இவங்களுக்கு எதிர்ல யாருமே இல்லையே, யெஸ், நோ மட்டும்தான் இருக்கு, இது என்னங்க எலெக்‌ஷன்?" என்று கேட்டாள். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

மாநில உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டிலும் கவர்னர் நியமிப்பார், ஒரு கமிஷன் ஒப்புதல் தரும், பிறகு மக்கள் யெஸ் அல்லது நோ சொல்ல வேண்டும். எதிர் வேட்பாளர் என்ற பேச்சே இல்லை. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள், 1986-ல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் இன்னும் இரண்டு நீதிபதிகளையும் மக்கள் நோ போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கவுண்டி அளவில் இருக்கும் சுப்பீரியர் கோர்ட் வேறு மாதிரி. ஆறு வருஷப் பதவி, கட்சிப் பெயர் கிடையாது, பத்து வருஷம் வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருந்தவர் யாரும் எதிர்த்து நிற்கலாம். யாரும் மனு போடவில்லை என்றால், பதவியில் இருப்பவர் நம்ம ஊரில் சொல்வது போல அன்னபோஸ்ட். பெயர் சீட்டில் வராது, தேர்வானதாகவே கணக்கு. ஆனால் காலியான இடத்துக்குப் புதியவர் ஒருவர் மட்டும் நின்றால் அவர் பெயர் அச்சாகும், சலுகை பதவியில் இருப்பவருக்கு மட்டும்தான். அதையும் உடைக்க ஒரு வழி உண்டு: குறித்த கெடுவுக்குள் போதுமான எண்ணிக்கையில் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு, வேறொருவர் பெயரைக் கையால் எழுதிப் போடும் ரைட்-இன் பிரசாரம் நடக்கப் போகிறது என்று மனு கொடுத்தால், அந்த நீதிபதியின் பெயர் சீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்கள்?

எங்கள் சான்டா கிளாரா கவுண்டியிலேயே நடந்ததைப் பாருங்கள். 2016 ஜூன் 2 அன்று நீதிபதி ஆரன் பெர்ஸ்கி, மயங்கிக் கிடந்த பெண்ணைப் பாலியல் வன்முறை செய்த ஸ்டான்ஃபோர்டு மாணவனுக்கு வெறும் ஆறு மாத கவுண்டி சிறை விதித்தார். அரசுத் தரப்பு கேட்டது ஆறு வருஷம். நாடே கொதித்தது. ஐந்தே நாளில், ஜூன் 7 அன்று, தேர்தல், அவருடைய பதவிக்காலமும் அந்த வருஷம்தான் முடிகிறது, ஆனால் சீட்டில் அவர் பெயர் இல்லை. மனு போடும் கெடு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. கோபத்தோடு ஓட்டுப் போடப் போனவர்களுக்குக் குத்த இடமே இல்லை. கடைசியில், பதவியில் இருப்பவரை மக்களே ஓட்டுப் போட்டு இறக்கும் ரீகால் என்கிற தனி வழியில் கையெழுத்து வேட்டை நடத்தி, இரண்டு வருஷம் கழித்து 2018 ஜூனில்தான் அவரை இறக்கினார்கள். 1932-க்குப் பிறகு இந்த மாநிலத்தில் அப்படிப் பதவி இழந்த முதல் நீதிபதி அவர்.

சீட்டின் நீளமும் அச்சுச் செலவும் குறையும் என்பது சரிதான், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய கவுண்டியில் எல்லா நீதிபதிகளையும் போட்டால் சீட்டு ஒரு புத்தகமாகிவிடும். ஆனாலும் வாக்காளர் கையேட்டில் இவர்களெல்லாம் போட்டியின்றி வந்தவர்கள் என்று ஒரு பக்கம் போடுவதில் என்ன கஷ்டம்? என் ஓட்டு இல்லாமல் என் பெயரில் தேர்வாகும் ஒருவரின் பெயராவது எனக்குத் தெரிய வேண்டாமா?

மற்ற விதிகள் போட்டி இல்லாதவருக்கும் அப்படியே பொருந்தும். பிரசாரத்துக்குப் பணம் வாங்கும் முன் அறிவிப்பு, சொத்து விவரம், 2,000 டாலரைத் தொட்டால் வரவு செலவுக் கணக்கு, இந்த வழக்கில் இப்படித் தீர்ப்பு சொல்வேன் என்று வாக்குறுதி தரக்கூடாது என்ற நெறிமுறை, எதிலும் விலக்கில்லை.

நீங்களும் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்றால், ஓட்டுச்சீட்டு வரும்வரை காத்திருக்காமல், மனு தாக்கல் முடிந்த வாரமே கவுண்டி தேர்தல் அலுவலகத் தளத்தில் வேட்பாளர் பட்டியலைத் திறந்து, எந்த இடத்துக்கு எதிரே ஒரே ஒரு பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.