கண்மாய்க் குழுவுக்கு டிரஸ்ட் எதற்கு?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இளைஞர்கள் 26 பேர் வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்து, கண்மாய்க் கரையில் பனைவிதை ஊன்றுவது, வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்வது, கருவேலம் வெட்டுவது என்று வேலை செய்கிறோம். ஊரில் வசூலான 1,40,000 ரூபாய் என் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, “பதிவு இல்லாமல் வசூல் செய்தால் கேஸ் ஆகும். 60,000 கொடுங்கள். டிரஸ்ட், 12ஏ, 80ஜி, எஃப்சிஆர்ஏ எல்லாம் முடித்து, சிஎஸ்ஆர் நிதி 30 லட்சம் வாங்கித் தருகிறேன். அதில் 15 சதவீதம் எனக்கு” என்கிறார். முன்பணமாக 10,000 ரூபாயும், ஐந்து பேரின் ஆதார், பான் நகல்களும் கொடுத்துவிட்டோம். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் 3 லட்சம் அனுப்பத் தயாராக இருக்கிறார். நாங்கள் டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவை டிரஸ்ட் இல்லை, சங்கம். அதை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். மீதி 50,000 ரூபாயை அந்த நபரிடம் கொடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். நாலு பேர் சேர்ந்து நல்ல காரியம் செய்வது குற்றம் இல்லை. சங்கமாகச் சேரும் உரிமையை அரசியல் சாசனமே கொடுத்திருக்கிறது. ஆனால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்று ஒன்று இருக்கிறது. 20 பேர் சேர்ந்துவிட்டாலே பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. வரவு செலவு சில ஆயிரங்களைத் தாண்டினாலும் அப்படித்தான். நீங்கள் 26 பேர், கையில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம். ஆகவே பதிவு செய்யத்தான் வேண்டும். அவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அந்தப் பதிவு டிரஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும், அவர் மூலமாகத்தான் நடக்க வேண்டும் என்பதும் அவராகச் சேர்த்துக்கொண்டவை.

இந்த ஆட்கள் எல்லோருமே டிரஸ்டைத்தான் தள்ளிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. டிரஸ்டில் பொதுக்குழு, தேர்தல் என்பதெல்லாம் சட்டப்படி கட்டாயம் கிடையாது. பத்திரத்தில் யார் பெயர் அறங்காவலர் என்று எழுதப்பட்டிருக்கிறதோ, அவர்கள் கையில்தான் எல்லாம். மீதி இருபது பேரும் வெயிலில் நின்று கால்வாய் வெட்டியவர்கள் என்றாலும், பத்திரத்தின் கண்ணுக்கு அவர்கள் யாரோ. அப்படி எழுதப்பட்ட பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஊர் நன்மை, நீர்நிலைப் பாதுகாப்பு, மரம் வளர்ப்பு எல்லாம் அழகாக இருக்கும். ஏழாவது எட்டாவது பக்கத்தில், “நிர்வாக அறங்காவலர் ஆயுள் காலம் வரை பதவி வகிப்பார், வங்கிக் கணக்கை அவர் ஒருவரே இயக்கலாம், அவருக்குப் பின் அவர் நியமிக்கும் நபர்” என்று ஒரு பத்தி இருக்கும். அந்த நிர்வாக அறங்காவலர் யார் என்று பார்த்தால், பதிவு செய்து கொடுக்க வந்தவரின் மனைவியோ மைத்துனரோ. ஊர்ப் பிள்ளைகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தும் கைரேகையும் வைத்துவிட்டு, கடைசி வரை அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள். ஒருமுறை பதிவான பொது டிரஸ்டைச் சுலபத்தில் கலைக்க முடியாது. நீதிமன்றம்தான் போக வேண்டும்.

சங்கத்தில் அப்படி இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், அதில் கணக்கை வைக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பிடிக்காத நிர்வாகியை மாற்ற உங்களுக்கு வழி இருக்கிறது. ஊர்க் கண்மாய் விஷயத்தில் இதைவிட முக்கியமான பாதுகாப்பு வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, அந்த நபர் தருவதாகச் சொன்ன பட்டியல். 12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு, 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு. எஃப்சிஆர்ஏ வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டம், சிஎஸ்ஆர் கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி. எஃப்சிஆர்ஏ பதிவு கிடைக்க, அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்ச ரூபாய் செலவழித்துப் பணி செய்திருக்கவும் வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தைப் பெற்றுச் செலவிடும் அமைப்புக்கும் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். அதோடு 12ஏ, 80ஜி, கம்பெனிப் பதிவாளரிடம் சிஎஸ்ஆர்-1 படிவம் எல்லாம் இருக்க வேண்டும். நாளை பிறக்கப்போகும் டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ பதிவையோ சிஎஸ்ஆர் நிதியையோ வாங்கித் தருகிறேன் என்பதை நம்பாதீர்கள். சிஎஸ்ஆர்-1 எண் வந்ததும் “நிதி அனுமதி வந்துவிட்டது” என்று காட்டிக் கமிஷன் கேட்பார்கள். அது வெறும் பதிவு எண். அதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தன்னார்வ அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்பன் தளப் பதிவும் அப்படித்தான். இலவசமாகக் கிடைப்பதை விலைப்பட்டியலில் போட்டு விற்கிறார்கள்.

இதிலேயே மோசமான ஒரு வகையைச் சொல்லிவிடுகிறேன். “கம்பெனி 30 லட்சம் காசோலையாகக் கொடுக்கும், நீங்கள் 20 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதி உங்களுக்கு” என்று பேச்சு வரும். கையெழுத்துப் போட்டவர் நீங்கள். செலவு ரசீதுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். விசாரணை வரும்போது 15 சதவீதக்காரர் இருக்கமாட்டார்.

80ஜி இல்லாமல் யாரும் நன்கொடை தரமாட்டார்கள் என்றும் பயமுறுத்தியிருப்பார். உங்களுக்கு 500, 1,000 என்று கொடுத்தவர்களில் எத்தனை பேர் வருமான வரி கட்டுகிறார்கள்? கட்டுபவர்களிலும் புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. இப்போதைக்கு அதை விடுங்கள். சங்கம் ஓடத் தொடங்கியபின், சங்கத்தின் பான் எண்ணை வைத்து வருமான வரி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

சிங்கப்பூர் அண்ணன் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நல்லவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அண்ணே, உங்கள் பாஸ்போர்ட் நீலமா, சிவப்பா?

நீலம் என்றால் அவர் இந்தியக் குடிமகன். எத்தனை வருஷம் அங்கே இருந்தாலும் சரி, பிஆர் என்ற நிரந்தரக் குடியிருப்பு உரிமை வாங்கியிருந்தாலும் சரி. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். சிவப்பு என்றால் அவர் சிங்கப்பூர்க் குடிமகன். உங்கள் ஊரில் பிறந்தவர், குலதெய்வம் இங்கே, வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கையில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னாலும், சட்டத்தின் கணக்கில் அவர் கொடுப்பது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத உங்கள் குழு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஓசிஐ என்பது குடியுரிமை இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்து இந்திய ரூபாயாக எண்ணிக் கொடுத்தாலும் அதே கதைதான்.

“அப்படியென்றால் அவர் தம்பி கணக்குக்கு அனுப்பட்டும், தம்பி எங்களுக்குக் கொடுக்கட்டும்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். சட்டம் அதையும் பார்த்துவிட்டது. வெளிநாட்டவரிடமிருந்து வந்த பணம் எத்தனை கை மாறி உங்களிடம் வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று விளக்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, அண்ணன் இந்தியக் குடிமகனாகவே இருக்கலாம். ஆனால் பணம் அங்கே பதிவான ஊர்ச் சங்கத்தின் கணக்கிலிருந்து வந்தால் அதுவும் கூடாது. அந்தச் சங்க உறுப்பினர் அத்தனை பேரும் நீல பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் சங்கம் வெளிநாட்டுச் சங்கமே. இந்தச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே அண்ணனிடம் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும், “இது என் சொந்தச் சேமிப்பு” என்று ஒரு வரி எழுதிய கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வருத்தப்படமாட்டார்.

சங்கப் பதிவுக்கு வருவோம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் வேலை இது. பத்திரம் எழுதும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள். சங்க விவரக் குறிப்பு, சங்கத்தின் விதிகளான பைலா, உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிக்கு ஆதாரம், இவைதான் முக்கியமானவை. பதிவுத்துறை இணையதளத்திலேயே தொடங்கலாம். உண்மையைச் சொன்னால், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. இணையத்தில் ஏற்றிய அதே காகிதத்தைக் கையிலும் கொண்டு வரச் சொல்வார்கள். ஒரு குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதைச் சரிசெய்து போனால் அடுத்த குறை. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன கேடு? கிராமத்துப் பிள்ளைகள் ஏழு பேர் கூலி வேலையை விட்டு, பஸ் ஏறி வந்து நிற்கிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. வாசலில் நிற்கும் இடைத்தரகருக்கு வருமானம் வருவதே இந்த அலைக்கழிப்பால்தான். நீங்கள் செய்ய வேண்டியது, குறையை எழுத்தில் கேட்பது. “எல்லாத் திருத்தங்களையும் எழுதிக் கொடுங்கள் ஐயா” என்று பணிவாகச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். எழுதச் சொன்னால் குறைகளின் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும்.

யாரிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தாலும், விண்ணப்பத்தில் உங்கள் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். ஓடிபி யாருக்குப் போகிறதோ, அவர்தான் சங்கத்துக்கு முதலாளி.

பைலாவில் இரண்டு விஷயத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். வங்கிக் கணக்கை இரண்டு பேர் சேர்ந்துதான் இயக்க வேண்டும், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் காலனிக்காரர்களும் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட ஏழு பேரும் ஒரே தெருவாக இருந்தால், உங்கள் மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கண்மாய் மீன்பிடி உரிமைக்கான மீன்பாசி ஏலம் வரும் வருஷம் அந்தச் சங்கம் அந்தத் தெருவின் சங்கம் ஆகிவிடும். நல்ல குழுக்கள் அதோடு முடிந்திருக்கின்றன. சங்க முகவரியும் எல்லோரும் தயங்காமல் படியேறி வரக்கூடிய இடமாக இருக்கட்டும். ஒரு சாதியின் மண்டபமோ, சிலர் வாசலிலேயே நிற்க வேண்டிய இடமோ வேண்டாம்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் கண்மாயில் கை வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்மாய் உங்களுடையதும் இல்லை, சங்கத்துடையதும் இல்லை. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத்துறை. அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மண்வெட்டியைத் தாண்டி இயந்திரம் இறக்கக் கூடாது. “நான் இலவசமாகத் தூர்வாரித் தருகிறேன், மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்று டிப்பர் லாரியோடு ஒருவர் கட்டாயம் வருவார். அவர் வருவது மண்ணுக்காக. வண்டலை வழித்துவிட்டு நிறுத்தமாட்டார், அடியில் இருக்கும் சவுடு வரைக்கும் தோண்டுவார். மறுநாள் கனிமத் திருட்டு என்று வழக்கு வந்தால், அனுமதிக் கடிதம் கேட்டு எழுதிய உங்கள் சங்கத்தின் பெயர்தான் முதலில் வரும். விவசாயிகள் தங்கள் வயலுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் தனியாக அனுமதி வாங்கலாம். அதை அவரவர் பெயரில் வாங்கட்டும்.

இதற்கு வலுவான வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், உங்களுக்குப் பொருத்தமான கூட்டம். கண்மாயின் சர்வே எண், வரத்துக்கால்வாய் எங்கிருந்து எங்கே, என்ன வேலை, யார் செய்வது என்று தெளிவாக எழுதிய தீர்மானத்தைக் கொண்டு போங்கள். மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் அழைத்து வாருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகல் கேட்டு மனு கொடுத்து, மனுவுக்கு ரசீது வாங்கிய பிறகு வீட்டுக்குப் போங்கள். கூட்டத்தில் கைதட்டி நிறைவேற்றியது பதிவேட்டில் வேறு மாதிரி எழுதப்படுவது புதிதல்ல.

உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தைச் சங்கம் பதிவாகும்வரை தொடாதீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்து மாதம் ஒருமுறை குழுவில் போடுங்கள். பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான், பிறகு வங்கிக் கணக்கு, அதற்கு முழுத் தொகையையும் மாற்றிவிடுங்கள். அப்புறம், வருஷா வருஷம் பொதுக்குழு முடிந்ததும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யத் தவறாதீர்கள். பதிவோடு மறந்துபோன சங்கங்கள்தான் பிறகு அபராதம் கட்டிக்கொண்டு அலைகின்றன.

கொடுத்த ஆதார், பான் நகல்களுக்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள். டிரஸ்ட் பத்திரம் பதிவாக வேண்டுமென்றால் அதில் கையெழுத்திடுபவர்கள் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். ஐந்து பேரில் யாராவது அந்த நபரோடு பதிவு அலுவலகம் போனார்களா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். போகவில்லை என்றால் உங்கள் கையெழுத்தோடு எந்தப் பத்திரமும் இன்னும் பதிவாகவில்லை. “எங்களுக்கு டிரஸ்ட் வேண்டாம், நகல்களையும் 10,000 ரூபாயையும் திருப்பித் தரவும், எங்கள் ஆவணங்களை வேறெதற்கும் பயன்படுத்த அனுமதி இல்லை” என்று ஐந்து பேரும் கையெழுத்திட்டு, பட்டுவாடா ஆனதற்கு ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். இனி யாருக்கு நகல் கொடுத்தாலும், எந்த வேலைக்கு, எந்தத் தேதி என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.