பன்றி வளர்த்ததில்லை, வெல்டிங் தெரியாது: வேளாண் பயிற்சி ஆசிரியையாகப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் வேளாண் கல்வி இறுதியாண்டு படிக்கிறேன். ஜனவரியில் தொடங்கி ஒரு பருவம் முழுவதும் கிராமப்புற உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியையாக இருக்க வேண்டும். நான் வளர்ந்தது சிகாகோ புறநகரில். பயிரியல் நன்றாக வரும். ஆனால் பன்றி வளர்த்ததில்லை, வெல்டிங் செய்ததில்லை, பள்ளியில் எஃப்.எஃப்.ஏ. எனும் வேளாண் மாணவர் அமைப்பில் உறுப்பினராகவும் இருந்ததில்லை. மீதமிருக்கும் மூன்று மாதங்களில் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: நகரத்தில் வளர்ந்ததை முதலில் ஒரு குறையாக எண்ணாதீர்கள். உங்கள் சிகாகோவிலேயே, நகரின் கடைசிப் பண்ணை நிலத்தில் 1985இல் தொடங்கிய வேளாண் அறிவியல் உயர்நிலைப்பள்ளி நகரப் பிள்ளைகளுக்காகவே நடக்கிறது. நேரம் கிடைத்தால் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அது, வேளாண் வகுப்பின் பட்டறையில் நீங்கள் கற்றுத்தர வேண்டிய வெல்டிங்.

பன்றியைப் பற்றித் தெரியாவிட்டால் மாணவனிடமே கேட்டுக்கொள்ளலாம், அவனும் மகிழ்ந்து சொல்லித் தருவான். பட்டறையில் அப்படிக் கேட்டுக் கற்க முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஒரே நேரத்தில் நெருப்போடு வேலை செய்யும் இடம் அது. ஒரு கண் போனால் திரும்பி வராது. நான் பயிற்சிக்குப் போன புதிதில், வெல்டிங்கைக் கரும்பலகையில் அழகாக வரைந்து விளக்கினேன். "ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்றாள் ஒரு மாணவி. நான் போட்ட இணைப்பு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் விட்டுவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஆனால் அதன்பின் பட்டறையில் நான் சொன்னதை அவர்கள் நம்பப் பல வாரங்கள் ஆயின.

எனவே இந்த வாரமே பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் மாலை நேர வெல்டிங் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் சனிக்கிழமைகளைக் கேளுங்கள். கம்பி தானாக வந்து உருகி இணைக்கும் மிக் வெல்டிங் ஒன்றைப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும். கம்பி வரும் வேகமும் மின்னழுத்தமும் சரியாக அமைந்தால் காய்ந்த எண்ணெயில் வடை பொரிவதுபோல ஒரே சீரான ஓசை வரும். அந்த ஓசை காதில் பதியும்வரை இரும்புத் துண்டுகளை வீணடியுங்கள். பாலியஸ்டர் உடையோடு யாரையும் பட்டறைக்குள் விடாதீர்கள், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையும் தோல் காலணியும் கட்டாயம். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சல் வரவழைக்கும். வீட்டிலிருந்து அப்படிப் பூசிய பழைய வேலிக் குழாயைக் கொண்டுவரும் பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான். தீப்பொறி 35 அடி வரை தெறிக்கும் என்பதைக் கணக்கில் வைத்து, அந்தத் தொலைவுக்குள் காகிதமோ எண்ணெய்த் துணியோ இல்லாமல் பாருங்கள். தீயணைப்பான், கண் கழுவும் குழாய், அவசர மின்துண்டிப்புப் பொத்தான் இம்மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதை முதல் நாள் பாடத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எஃப்.எஃப்.ஏ. பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. 1928இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய மாணவர் அமைப்பு அது. நீல நிற கார்டுராய் மேலாடையைப் பார்த்திருப்பீர்கள். புதிய உறுப்பினர்கள் ஐந்து பத்தி உறுதியுரையை மனப்பாடமாகச் சொல்லப் பழகுவார்கள். அவர்களுக்கு முன்பே நீங்கள் அதை மனப்பாடம் செய்துவிடுங்கள். கூட்டத் தொடக்கச் சடங்கில் தலைவருக்கு உதய சூரியன், துணைத்தலைவருக்குக் கலப்பை, செயலருக்கு மக்காச்சோளக் கதிர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம் உண்டு. ஆலோசகரான ஆசிரியருக்கு உரிய இடம் ஆந்தைக்கு அருகில். நம் பாட்டிமார் ஆந்தை அலறினாலே அபசகுனம் என்பார்கள். இங்கே அது அறிவின் அடையாளம். "ஏன் ஆந்தை?" என்று துணைத்தலைவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆலோசகர்தான். அந்தப் பதிலைத் தாளைப் பார்த்துப் படிக்காதீர்கள். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள்.

வகுப்பு, எஃப்.எஃப்.ஏ. இரண்டுக்கும் அடுத்து, என் மனத்துக்கு மிக நெருக்கமானது வேளாண் கல்வியின் மூன்றாவது பகுதி. ஒவ்வொரு மாணவரும் வகுப்புக்கு வெளியே தனக்கென ஒரு வேளாண் முயற்சியை நடத்திக் கணக்கு எழுதுவது. 1908இல் மாசசூசெட்ஸில் ரூஃபஸ் ஸ்டிம்சன் தொடங்கிவைத்த வீட்டுத் திட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. ஒருவன் பன்றி வளர்ப்பான், இன்னொருத்தி பூக்கடையில் வேலை செய்வாள். அவர்கள் இடத்துக்கே போய்ப் பார்ப்பது ஆசிரியர் வேலை. ஜனவரிக்கு முன் இரண்டு மூன்று முறையாவது வழிகாட்டி ஆசிரியரோடு நீங்களும் போய் வாருங்கள். ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, ஒரு பன்றிக் கொட்டிலிலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். நோய் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே போய்விடும். அங்கே போனதும் அறிவுரை சொல்லத் தொடங்க வேண்டாம். "கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். தீவனச் செலவு எழுதாமல் லாபம் என்று சொல்லும் பிள்ளைக்கு அங்கேயே, கொட்டில் வாசலிலேயே, பாடம் தொடங்கிவிடலாம்.

உங்களுக்கு வரும் பயிரியலையும் வீணாக்காதீர்கள். பல பள்ளிகளில் வசந்த காலத்தில் செடி விற்பனை நடக்கும், பெரும்பாலும் மே இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினத்தையொட்டி. விதைத்ததிலிருந்து விற்பனைக்குத் தயாராக, பெட்டூனியா பூச்செடிக்கு 10 முதல் 12 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் தேவை. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பெட்டூனியா விதை பிப்ரவரியிலேயே தட்டில் இருக்க வேண்டும். வந்த சில வாரங்களிலேயே நீங்கள் தயங்காமல் பொறுப்பேற்கக்கூடிய வேலை இதுதான். இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கைரேகைப் பதிவு, பின்னணிச் சரிபார்ப்பு போன்ற தாள் வேலைகளை உங்கள் கல்லூரி சொல்லும், அவற்றை நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். பிறகு வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வெல்டிங் செய்ததில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று இரண்டாவது வரியில் கேளுங்கள்.