கேள்வி நேரம்: நாடிழந்த விமானிகளும் அவர்கள் ஓட்டிய போர் விமானங்களும்

கே: போலந்து விமானிகள் 1939-லேயே ஜெர்மானியரோடு மோதியவர்கள். அப்படியிருந்தும் 1940 கோடையில் பிரிட்டன் அவர்களை ஏன் உடனே களத்தில் இறக்கவில்லை?

ப: மொழிதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. வானொலிக் குறிச்சொற்களில் ‘ஏஞ்சல்ஸ் 15’ என்றால் 15,000 அடி உயரம், ‘பேன்கேக்’ என்றால் தரையிறங்கு என்பதை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கைப்பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம்.

அவர்கள் பழகிய போலந்துப் போர் விமானமான பி.இசட்.எல். பி.11-இல் த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) பின்னால் இழுத்தால் விசை கூடும். பிரிட்டனின் ஹரிகேன் போர் விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். ஓடுபாதையை நெருங்கும் பதற்றத்தில் கை பழையபடி நகர்ந்தால், விசை தேவைப்படும் நொடியில் இன்ஜின் அடங்கிவிடும். பி.11-இன் சக்கரங்கள் மடங்காதவை. ஹரிகேனின் சக்கரங்களோ இறக்கைக்குள் மடங்குபவை. அவற்றை இறக்க மறந்து வயிற்றால் தரையைத் தேய்த்தவர்கள் உண்டு.

இன்னொரு தொல்லை: ஹரிகேனில் சக்கரத்துக்கான நெம்புகோல் வலப்பக்கம் இருக்கும், த்ராட்டில் இடப்பக்கம். மேலெழும்பியதும் விமானி ஸ்டிக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் சக்கரத்தை மடக்க வேண்டும். அந்த நேரத்தில் த்ராட்டிலைப் பிடிக்கக் கை இல்லை. அதன் உராய்வுத் திருகை முன்பே இறுக்கியிருக்காவிட்டால், அதிர்வில் த்ராட்டில் தானாகப் பின்னால் நழுவும்.

இதோடு அளவுகளும் மாறின. மீட்டருக்குப் பதில் அடி, கிலோமீட்டருக்குப் பதில் மைல், லிட்டருக்குப் பதில் கேலன். உயரமானியில் 6,000 என்பதை மீட்டராக எண்ணிக்கொண்டால், உண்மையில் நீங்கள் 1,830 மீட்டரில்தான் இருப்பீர்கள். மேகத்துக்குள் இந்தப் பிழை உயிரை வாங்கும்.

லண்டன் அருகே நார்தோல்ட் தளத்தில் இருந்த போலந்து விமானிகளின் 303-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப்படை அணி) 1940 ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பயிற்சியிலேயே கிடந்தது. ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிப் பறப்பின் நடுவே அதன் விமானி லுட்விக் பாஷ்கியெவிச் அணியை விட்டு விலகி ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். மறுநாளே அந்த ஸ்குவாட்ரன் போருக்குத் தகுதி பெற்றது.

கே: ஹரிகேனும் ஸ்பிட்ஃபயரும் எதிரியைத் துரத்திப் பாயும்போது இன்ஜின் நின்றுவிடும் என்கிறார்களே?

ப: ஸ்டிக்கைச் சட்டென முன்னால் தள்ளினால் நடக்கும். இரண்டிலும் இருப்பது மெர்லின் இன்ஜின். அதன் கார்ப்பரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை உண்டு. மூக்கு திடீரென்று கீழே போகும்போது பெட்ரோல் மேல்நோக்கி எகிறும். முதலில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் இருமும். அடுத்து மிதவை ஏமாந்து அளவுக்கு மேல் ஊற்ற, இன்ஜின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். ஜெர்மானியரின் மெஸ்ஸெர்ஷ்மிட் 109 போர் விமானத்தில் எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே மெர்லின் ஓட்டியவர்கள் விமானத்தை முதலில் தலைகீழாகப் புரட்டி, பிறகு ஸ்டிக்கை இழுத்துப் பாய்ந்தார்கள். 1941-இல் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், எரிபொருள் வரும் வழியில் துளையிட்ட சிறு தடுப்பு ஒன்றைப் பொருத்தினார். அதிகம் ஊற்றுவது நின்றது. முழுத் தீர்வு பிறகுதான் வந்தது.

கே: போலந்துக்காரர்கள் மிக அருகில் போய்ச் சுட்டார்களாமே, வெறும் ஆவேசமா?

ப: கணக்கும் உண்டு. ஹரிகேனில் .303 அங்குல பிரௌனிங் துப்பாக்கிகள் எட்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 330 தோட்டாக்கள். விடாமல் அழுத்தினால் 15 விநாடி சொச்சத்தில் காலி. தொடக்கத்தில் 400 கஜம் தூரத்துக்குக் குறிவைத்து அமைத்திருந்தார்கள். அந்தத் தூரத்தில் இந்தச் சின்னத் தோட்டாக்கள் சிதறி, வலுவும் இழந்துவிடும். போர் அனுபவத்துக்குப் பின் பல அணிகள் 250 கஜமாகக் குறைத்தன. பி.11 போலச் சில துப்பாக்கிகளே கொண்ட மெதுவான விமானத்தில் போரிட்டவர்களுக்கு, நெருங்கினால்தான் பலன் என்பது முன்பே தெரிந்த பாடம். ஆபத்தும் அதில்தான்: வெடித்த விமானத்தின் துண்டுகள் துரத்தியவரையே தாக்கும்.

கே: பிரெஞ்சுக்காரர்கள் ரஷ்ய விமானம் ஓட்டினார்களா?

ப: ஆம், சோவியத் தரப்பில் போரிட்ட பிரெஞ்சு விமானிகளின் நார்மண்டி-நியேமன் படை. பிரிட்டன், அமெரிக்க விமானங்களும் கிடைத்திருக்கும். அவர்கள் சோவியத் போர் விமானமான யாக்கைத் தேர்ந்தார்கள். யாக்-1-இல் தொடங்கி யாக்-3 வரை வந்தார்கள். சக்கரம், பிரேக் எல்லாம் அழுத்தக் காற்றில் இயங்குபவை என்பதால் சிறு கசிவும் தரையிறங்கும்போது தெரிந்துவிடும். 1945 ஜூனில் யாக்-3 விமானங்களோடே பாரிஸ் திரும்பினார்கள்.

கே: 1940 செப்டம்பர் நிலையில் 303-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன் மாடல் செய்கிறேன். எதில் கவனம் தேவை?

ப: மேலே கரும்பச்சையும் மண்நிறமும், அடியில் ‘ஸ்கை’ எனப்படும் வெளிர்பச்சை. குறியெழுத்து ஆர்.எஃப்., சாம்பல் நிறத்தில். பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் வாலருகே வெளிர்பச்சைப் பட்டை இருந்தால் ஒட்டாதீர்கள். அது நவம்பர் கடைசியில்தான் வந்தது. துப்பாக்கித் துளைகளைச் சிவப்புத் துணித்துண்டுகளால் மூடுங்கள். உயரத்துக் குளிரில் துப்பாக்கிகள் உறையாமல் இருக்க அப்படித்தான் ஒட்டினார்கள். சண்டை முடிந்து திரும்பிய விமானமாகக் காட்டுவதென்றால், துண்டுகளைக் கிழித்துவிட்டு இறக்கையின் அடியில் பின்னோக்கிப் புகைக்கறை பூசுங்கள்.